காந்தம் ஒட்டாத கதவு

"நான் ஒரு ஒடுக்கு எடுத்தா பக்கத்துல ரெண்டு விழும்" என்று டிங்கர் குப்புராசு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அவரிடம் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மனைவியோடு வந்து பழைய அம்பாசடரைக் கொண்டுவந்து, நசுங்கிய இடது கதவைக் காட்டினார்.

"வலது கதவு கம்பெனிக் கதவு. சுத்தியலே படாதது. இதுவும் அப்படியே வரணும். உன்னால முடியாது, புதுசா மாத்திடு."

"புதுக் கதவு இப்ப எங்கேயும் வர்றதில்லீங்க. ஆனா அதே மாதிரி செஞ்சுடலாம்."

"எப்படி?"

குப்புராசு வலது கதவில் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. தகரத்துக்கு மேல், ஒடுக்கை மறைக்கப் பூசும் பட்டி அவ்வளவு தடிமன்.

"போன வருஷம் உங்க வீட்டம்மா கார் ஓட்டிப் பழகினப்ப இடிச்சதுக்கு நான் பூசினதுங்க. என் வேலையைக் கம்பெனி வேலைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

பின்சீட்டிலிருந்த தாசில்தார் மனைவி மெதுவாகக் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.