தொண்ணூற்றொரு ஒன்றுகள்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பாளையங்கோட்டையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. நூலக மாடியில் எண் மன்றச் செயலாளர் ஞானசெல்வி, கரும்பலகையில் வரிசைக்குப் பத்தாக ஒன்று என்ற இலக்கத்தையே எழுதிக்கொண்டு போனார். ஒன்பது வரிசைகள் நிறைந்தன. பத்தாவது வரிசையில் தனியாக ஓர் ஒன்றை இட்டுவிட்டுக் கையை உதறினார்.

"எல்லாம் சேர்ந்து ஒரே எண். இது பகா எண்ணா, பகு எண்ணா? ஐந்து மணிக்குள், பலகையில் உள்ள இந்த எண்ணுக்கு முதலில் நிறுவுகிறவருக்கே மன்றத்தின் கடிதம்."

சென்னையில் நடக்கும் பத்து நாள் எண்ணியல் பயிலரங்கில் சேர அந்தக் கடிதம் போதும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பூங்கோதையின் விண்ணப்பத்தை, கணிதப் பட்டம் இல்லை என்று அங்கே இருமுறை திருப்பியிருந்தார்கள். இன்று கடிதமில்லாமல் படியிறங்குவதில்லை என்று அவள் உறுதி கொண்டிருந்தாள்.

பேருந்து நிலைய டைம்கீப்பர் ரவூஃப் தம் தாளில் ஒன்பது வரிசைகளை நேர்த்தியாகப் படியெடுத்தார். மூன்றரைக்கே எழுந்தார்.

"பகு எண்தான். இலக்கத்தைக் கூட்டினா தொண்ணூறு வருது. அப்போ மூணால வகுபடும். கடிதத்தை எழுதுங்கம்மா!"

பூங்கோதை அசையவில்லை. பலகையைக் கண்ணால் அட்டை அட்டையாக எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு எழுந்தாள்.

"ஏழு மாத்திரை கொண்ட அட்டையா அடுக்கினா, மிச்சமில்லாம பதிமூணு அட்டை. ஒவ்வொரு அட்டையும் ஏழு ஒன்றுகள், அதாவது 1111111. அந்த எண் இதை மீதியில்லாம வகுக்கும். அதனால பகு எண்."

நான்கு இருபதுக்கு நில அளவையர் ஜெபராஜ் ஒன்பது தாள்களை மேசைமேல் வைத்தார். மூன்று முதல் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்து, ஐம்பத்து மூன்றில் மீதி பூச்சியம் கண்டிருந்தார்.

"இந்தம்மா ஒரு வகுத்தல்கூடப் போடலியே! கடையில மாத்திரை எண்ணுத மாதிரில்லா சொல்லுதாங்க."

"எண்ணுததுதான் என் வேலை, அண்ணாச்சி. ஒரு மாத்திரை குறைஞ்சா நோயாளி திரும்பி வந்து கேப்பாரு."

"முதல்ல சொன்னது நானு. விடை சரிதானே?" என்றார் ரவூஃப்.

பகு எண் என்பதில் மூவருக்கும் ஒரே முடிவு. முந்தியவர் ரவூஃப், பாடுபட்டவர் ஜெபராஜ், வகுக்காமலே சொன்னவள் பூங்கோதை. கடிதம் யாருக்கு உரியது?

விடை: பூங்கோதைக்கு. ரவூஃப் பத்தாவது வரிசையை விட்டுவிட்டார். கூட்டுத்தொகை தொண்ணூற்றொன்று, மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. முடிவு சரி, நிறுவியது வேறோர் எண்ணுக்கு. ஜெபராஜின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவருக்கு முன்பே பூங்கோதை நிறுவிவிட்டாள். 1111111-ஆல் வகுத்தால் வரும் ஈவையும் பார்த்தவுடன் எழுதிவிடலாம்: பதின்மூன்று ஒன்றுகள், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே ஆறு பூச்சியங்கள். மறுநாள் காலை ரவூஃப், முதல் பேருந்து புறப்படுமுன் தம் தாளின் அடியில் விடுபட்ட ஒன்றை எழுதினார். ஜெபராஜ் தம் தாள்களை மீண்டும் விரித்து, பதின்மூன்றாவது இலக்கத்திலேயே மீதி பூச்சியமாகி, பின்பு அதே வகுத்தல் மேலும் ஆறு முறை திரும்பியிருப்பதைக் கண்டு, தனியாகச் சிரித்தார். பூங்கோதை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, முதலாளி வந்ததும் பத்து நாள் விடுப்பு கேட்டாள். அவர் காரணம் கேட்குமுன் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.