வாடையை மறித்த சாய்கோடு

அந்தக் காலத்தில், காற்றும் ஆடுகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, எல்லாத் துணியும் ஒரே மாதிரிதான் நெய்யப்பட்டது. குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலே போகும், அடுத்ததற்குக் கீழே போகும். வேறு வகை யாருக்கும் தெரியாது.

கரட்டுமலை உச்சியில் மாதி என்ற நெசவுக்காரி இருந்தாள். ஊருக்கே கம்பளி நெய்து கொடுப்பவள் அவள்தான். ஒரு மார்கழியில் வாடைக்காற்று மலையேறி வந்தது.

"மாதி, உன் கம்பளியில் நூலுக்கு நூல் சந்து. நான் தாராளமாக உள்ளே போய் வருகிறேன். ஊரைக் காலி செய்யச் சொல். இனி இந்த மலை எனக்கு" என்றது.

பிள்ளைகள் கம்பளிக்குள்ளேயே வெடவெடத்தார்கள். ஊரார் மூட்டை கட்டினார்கள். மாதியின் கணவன் பெள்ளனும் பானை சட்டியை எடுத்து வைத்தான்.

"கொஞ்சம் பொறுங்க. நூலை இன்னும் நெருக்கிப் பார்க்கிறேன்" என்றாள் மாதி. எவ்வளவு அடித்தும் நூல் நெருங்கவில்லை.

பக்கத்தில் படுத்திருந்த செம்மறி ஆடு முகத்தைச் சுளித்தது. "என் உடம்பில் இருந்தவரைக்கும் இந்த மயிர் குளிரை உள்ளே விட்டதில்லை. கோளாறு உன் தறியில்தான்."

மாதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யோசித்தாள். ஒவ்வொரு நூலுக்கும் ஊடை ஏறி இறங்குவதால்தானே நூல்கள் விலகி நிற்கின்றன? தறிக்கு அடியில் புகுந்து, பாவு நூலைத் தூக்கும் சட்டங்களைக் காலால் அழுத்தும் மிதிகளோடு சேர்க்கும் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துப் போட்டாள்.

"இருந்த தறியையும் கெடுத்துட்டியே, மாதி" என்றான் பெள்ளன்.

"மாத்திக் கட்டப் போறேன்."

சட்டங்கள் நான்கு. முதலில் ஒரு மிதிக்கு மூன்று சட்டங்களைக் கட்டினாள். நூல் நீளமாகத் தொங்கி, முள்ளில் மாட்டிப் பிய்ந்தது. அடுத்து இரண்டிரண்டாகப் பிரித்துக் கட்டினாள். நூல்கள் ஜோடி சேர்ந்துகொள்ள, சந்து முன்னைவிடப் பெரிதானது. வாடை சிரித்துக்கொண்டே அதில் நுழைந்து போனது. மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அவிழ்த்தாள்.

இந்த முறை நான்கு மிதி வைத்தாள். முதல் மிதிக்குச் சட்டம் ஒன்றும் இரண்டும், அடுத்ததற்கு இரண்டும் மூன்றும், அதற்கடுத்ததற்கு மூன்றும் நான்கும், கடைசிக்கு நான்கும் ஒன்றும். பாவு நூலையும் நெருக்கி ஏற்றினாள். வரிசையாக மிதிக்க மிதிக்க, இரண்டு நூலுக்கு மேலும் இரண்டு நூலுக்குக் கீழுமாக ஓடிய ஊடை, வரிக்கு ஒரு நூல் நகர்ந்துகொண்டே போனது.

பெள்ளன் தடவிப் பார்த்தான். "கோடு சாய்ஞ்சு போகுதே?"

"போகட்டும். நெருக்கத்தைப் பாருங்க."

அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாதி மலை முகட்டில் போய் நின்றாள். வாடை மூச்சைப் பிடித்து மோதியது. முன்னால் தேடியது, பின்னால் தேடியது. கம்பளியின் கதகதப்பில் அவளுக்குக் கழுத்தோரம் வியர்த்தது.

"உள்ளே வர வழி எங்கே?" என்றது வாடை.

"வழி வைக்கலை" என்றாள் மாதி.

வாடை திரும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஊரார் மூட்டைகளை அவிழ்த்துப் பறை முழக்கி, மாதியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று முதல்தான் குளிருக்கென்று நெய்யும் கனத்த துணிகளில் கோடுகள் சாய்வாக ஓடுகின்றன.