வாய்விட்டு எண்ணுதல்

சண்முகவடிவு அந்தச் சத்தத்தைக் கேட்டது பன்னிரண்டு வயதில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது. விடிந்ததும் இருபது முப்பது ஆண்பிள்ளைகள் மண்தரை அதிர உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுப்பார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒரே குரலாக எண்ணுவார்கள். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே அவளும் கூடச் சேர்ந்து எண்ணினாள். பதினொன்று வரை போனாள். அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

"பொம்பளப் பிள்ள சத்தம் சுவரைத் தாண்டலாமாட்டி?"

அந்தக் கூடம் போயிற்று, சுவர் போயிற்று, பொத்திய கையும் போயிற்று. அறுபத்தோராவது வயதில் சண்முகவடிவு தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த ஜிம்மில் நின்றாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அங்கே பெண்கள் நேரம்.

சொல்லித்தருகிறவள் பிரிசில்லா. முப்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் மாநிலப் போட்டிகளில் பளு தூக்கியவள். அவளைவிட இரண்டு மடங்கு வயதானவர்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. பயிற்சி செய்கிறவர் வாய்விட்டு எண்ண வேண்டும்.

"மனசுக்குள்ள எண்ணுனா இங்க செல்லாது."

ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். ஆனால் பெஞ்சில் படுத்து இரும்பைத் தூக்குகிற ஒருத்தியின் எண்ணிக்கை பாதியில் நின்றால், அறையின் அந்தக் கோடியிலிருந்துகூட ஆள் ஓடிவரும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சண்முகவடிவுக்கு அந்தச் சட்டம் மட்டும் ஒத்துவரவில்லை. உதடு அசையும். சத்தம் வராது.

"வடிவக்கா மந்திரம்லா போடுதாக," என்பாள் மும்தாஜ். தையல்கடை வைத்திருப்பவள். பயிற்சி சைக்கிளில் நாலு மிதி மிதிப்பதற்குள் நாற்பது வார்த்தை பேசிவிடுவாள். "யாருக்கு வைக்காகளோ, அந்த அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

ஆறு மாதத்துக்கு முன்னால் சண்முகவடிவு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலை ஏழு மணிக்கு விழுந்தவளை, பகல் ஒரு மணிக்கு வீட்டுவேலைக்கு வந்த பேச்சியம்மாதான் தன்னிடமிருந்த சாவியால் திறந்து தூக்கினாள். எலும்பு முறியவில்லை. தலைசுற்றி மயக்கம் போட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள். கால்களில் வலுவே இல்லை என்றார் டாக்டர்.

மஸ்கட்டிலிருந்த மகன் பயந்துபோனான். கார்த்திகைக்கு வருவேன் என்றான். அன்று அம்மா தரையில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் தானாக எழுந்திரிக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு கிளம்பிவிட வேண்டும். கணவர் கட்டிய வீடு. அதைப் பூட்டிய வீடாக நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆனது. அன்று காலை மகன் மறுபடி போன் செய்தான்.

"வீட்டுக்கே எல்லாம் அனுப்பிடுதேன்மா. சைக்கிள், டம்பெல், கீழ விரிக்க மேட். இல்லன்னா அங்கேயே ஒரு வருஷத்துக்குச் சேர்ந்திருங்க. சாயங்காலத்துக்குள்ள எதுன்னு சொல்லுங்க."

அவள் ஜிம்முக்கு வந்தபோது பிரிசில்லா இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க வடிவம்மா."

சண்முகவடிவு மகன் சொன்னதைச் சொன்னாள். "வீட்டுலயா, இங்கயா? எது நல்லது?"

"உங்களுக்கு எது பிடிக்கு?"

"வீடுதான்," என்றாள் சண்முகவடிவு. சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று தயங்கினாள். "கதவைச் சாத்திக்கிட்டா யார் கண்ணும் படாது. இங்க நான் குனியததும் நிமிருததும் நாலு பேர் பார்க்க நடக்கு. இந்த வயசுல கூச்சமா இருக்கு."

"இங்க யாரு உங்களப் பார்க்கா?" என்று சைக்கிளிலிருந்து குரல் கொடுத்தாள் மும்தாஜ். "அவுகவுக இடுப்பு குறைஞ்சுட்டான்னு பார்க்கவே கண்ணாடி பத்தல."

பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டு உடைமாற்றும் அறையைக் காட்டினாள்.

"உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க. அதை உங்க வீடுன்னு வச்சுக்கோங்க. தரையில உட்கார்ந்து எழுந்திரிங்க. பத்து தடவை. எண்ணணும்."

சின்ன அறை. ஆணிகளில் பர்தாவும் துப்பட்டாக்களும் தொங்கின. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்தியதும் சண்முகவடிவுக்கு மூச்சு லேசானது. யாரும் இல்லாததால் சத்தம்கூடக் கொஞ்சம் வந்தது. ஒண்ணு. ரெண்டு. மூன்றாவதில் சிரித்துக்கொண்டாள். வீடுதான் சரி. ஐந்தில் தொடை நடுங்கியது. ஆறு என்று சொல்லி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

எழ முடியவில்லை.

வலதுகாலை மடக்கிப் பார்த்தாள். இடதுகாலை மடக்கிப் பார்த்தாள். கையை ஊன்றியும் பார்த்துவிட்டாள். முழங்கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. தரை சில்லென்றிருந்தது.

வெளியே சைக்கிள் சத்தம் நின்றது.

"மாஸ்டர், எண்ணிக்கை நின்னுட்டு. ஆறுக்கு மேல வரல." மும்தாஜின் குரல்.

"கேக்கு."

"கதவைத் தொறக்கட்டா?"

"வேண்டாம்."

கதவின் அடியில் இருந்த இடுக்கில் இரண்டு ஷூ நுனிகள் தெரிந்தன. பிரிசில்லாவின் மஞ்சள் கயிறு கட்டிய ஷூக்கள். ஒரு கை தூரம். சண்முகவடிவு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவையும் நகரவில்லை. வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள். இன்னொருவர் வந்தார்.

"மாஸ்டர்," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

ஷூக்கள் அப்படியே இருந்தன.

கண்ணில் நீர் முட்டியது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை.

"ஏ பிரிசில்லா! விழுந்து கெடக்கேன்! வாட்டி இங்க!"

சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. பிரிசில்லா ஒரு பக்கமும் மும்தாஜ் ஒரு பக்கமுமாகக் கைகொடுத்துத் தூக்கி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"வாசல்லதான நின்னிய?" சண்முகவடிவு பிரிசில்லாவின் கையை உதறினாள். "எல்லாம் கேட்டுக்கிட்டுதான நின்னிய?"

"நீங்க கூப்பிடலையே."

"விழுந்து கெடக்கவ கூப்பிட்டாத்தான் தூக்குவியளோ? கல்நெஞ்சுக்காரி!"

பிரிசில்லா தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் கேட்டாள்.

"அன்னைக்குக் குளியலறையில எவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

"ஆறு மணி நேரம்."

"மயக்கம் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

சண்முகவடிவு தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"மயக்கம் வரல," என்றாள்.

மும்தாஜ் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஜன்னலுக்கு ரெண்டு முழம் தள்ளி, பக்கத்து வீட்டு அடுக்களை. செல்வின்னு ஒரு பிள்ள. அவ மிக்ஸி போட்டது கேட்டுச்சு. பாத்திரம் கழுவுனது கேட்டுச்சு. புருசன்கூடச் சண்டை போட்டா, அதுவும் கேட்டுச்சு. பெறவு பாட்டுப் பாடுனா." சண்முகவடிவின் குரல் பழையபடி இறங்கிவிட்டது. "உடம்புல ஒழுங்கா துணி இல்ல. எப்படிக் கூப்பிட? இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்திருவேன், இன்னும் கொஞ்ச நேரத்துல எழுந்திருவேன்னு கெடந்தேன். ஒரு தடவைகூடக் கூப்பிடல."

மும்தாஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சண்முகவடிவின் தோளில் விலகியிருந்த துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டாள்.

சண்முகவடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க மாஸ்டர். வீட்டுலயா, இங்கயா?"

"வீட்டுக்கே வாங்குங்க," என்றாள் பிரிசில்லா.

"மாஸ்டர், இப்படிப் பதில் சொன்னா ஜிம்மை இழுத்து மூட வேண்டியதுதான்," என்றாள் மும்தாஜ்.

பிரிசில்லா மீதியிருந்த இரும்புத் தட்டுகளை எடுத்தாள்.

"வாங்கி, செல்வி வீட்டு ஜன்னலுக்கு நேரா போடுங்க. அவளுக்குக் கேக்க எண்ணுங்க."

சாயங்காலம் சண்முகவடிவு மகனுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் வீட்டுக்கே அனுப்பச் சொன்னாள்.

அதன்பின் அவள் அதே வீட்டில் பதினொரு வருஷம் தனியாக இருந்தாள். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் ஐந்து நிமிஷத்துக்குள் செல்வி வந்து தூக்கினாள்.