பதினேழாவது முதுகு

"நாளைக்கு நான் துரோகி ஆகணும். இல்லேன்னா கோழை ஆகணும். எது ஆகட்டும், அம்மா?"

கேட்டவர் சிங்கராயர். மலைநாட்டு அவையில் முப்பது வருடமாக உறுப்பினர்.

கேட்கப்பட்டவர் பூரணி. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். ஒரு கூடம், நாலு பெஞ்சு. அவ்வளவுதான் மடம்.

பூரணி உள்ளிருந்து ஒரு பெஞ்சை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அது வாசலில் சிக்கி நின்றது.

"மூட்டைப்பூச்சி," என்றார். "வெயில்ல போடணும். நீங்க சொல்லுங்க."

"எங்க தொகுதி அணையில விரிசல். மழைக்கு இருபது நாள்தான் இருக்கு. அதைப் பேசப் பதினோரு தடவை எழுந்தேன். பதினோரு தடவையும் அவைத்தலைவர் என் மைக்கை அணைச்சார்."

"அவர் எந்தக் கட்சி?"

"எங்க கட்சிதான்."

"எதிர்க்கட்சிக்காரங்க மைக்கு?"

"அதையும்தான் அணைப்பார். அதுல மட்டும் பாகுபாடு கிடையாது."

பூரணி சிரித்துவிட்டார்.

சிங்கராயர் சிரிக்கவில்லை. "அவரை இறக்கிட்டு மெய்யப்பரை உட்கார வைக்கணும்னு எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்திருக்கு. நாளைக்கு வாக்கெடுப்பு. அவங்க பதினஞ்சு பேர். மெய்யப்பர் எங்க கட்சி, அவரையும் சேர்த்தா பதினாறு. பதினேழு வேணும்."

"மெய்யப்பர் எப்படி?"

"வெதுவெதுப்பு. எங்க ஆளுங்க அவருக்கு வச்ச பேரே அதுதான். சூடும் இல்லை, குளிரும் இல்லை."

"நீங்க எந்தத் தண்ணியில குளிப்பீங்க?"

"வெதுவெதுப்புலதான்," என்றார் சிங்கராயர்.

"அவர் வேண்டாம்னு நான் சொல்லலை அம்மா. ஆனா எங்க அவையில கையைத் தூக்கி வாக்குப் போட முடியாது. நடுத்தளத்தைத் தாண்டி எதிர்வரிசையில போய் நிக்கணும். அந்த வடிவம்மாள் பக்கத்துல. முப்பது வருஷமா என்னைத் திட்டுற பொம்பளை. கட்சியிலயும் நேத்தே சொல்லிட்டாங்க. புறமுதுகு காட்டினா திரும்பி வராதேன்னு."

"சரி. இதை ஒரு கை பிடிங்க."

அவர் பெஞ்சைத் தாண்டி உள்ளே வந்தார். பூரணியின் பக்கத்திலேயே நின்று தூக்கினார். இந்த முனை எழும்பியது. அந்த முனை தரையைவிட்டு அசையவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா எப்படி? எதிர்ப்பக்கம் போங்க."

போனார். பூரணியைப் பார்த்தபடி தூக்கினார். பெஞ்சு விடுபட்டது. வழி தெரியட்டும் என்று அவர் உடம்பைத் திருப்பினார். கை நழுவியது.

"திரும்பாதீங்க. அப்படியே பின்னால போங்க."

"பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுது."

ஒரு அடி. இன்னொரு அடி.

"படி," என்றார் பூரணி.

காலைத் தடவி வைத்தார்.

"இன்னொண்ணு."

வைத்தார். பெஞ்சு வெயிலில் இறங்கியது. இடுக்குகளிலிருந்து பூச்சிகள் ஓடின.

சிங்கராயர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே அம்மா."

"இன்னும் மூணு பெஞ்சு இருக்கு," என்றார் பூரணி.

மறுநாள் அவைச் செயலாளர் தீர்மானத்தைப் படித்தார். ஏற்பவர்கள் எதிர்வரிசைக்குப் போகலாம் என்றார்.

மெய்யப்பர் எழுந்து போனார். யாரோ, "வெதுவெதுப்பு நகருது," என்றார்கள்.

பதினாறு.

சிங்கராயர் எழுந்தார்.

தீர்மானம் தன்மீதே என்பதால் அவைத்தலைவர் கோட்டையப்பர் அன்று மேடையில் இல்லை. கட்சியின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பார்த்துக்கங்க," என்றார். "முப்பது வருஷ விசுவாசம் முதுகு காட்டப் போகுது."

சிங்கராயர் நடுத்தளத்தில் இறங்கினார். கோட்டையப்பரை நேருக்கு நேர் பார்த்து நின்றார்.

பார்த்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தார்.

கோட்டையப்பரின் கை பழக்கத்தில் மேசையைத் தடவியது. அங்கே பொத்தான் எதுவும் இல்லை.

"அணையில விரிசல்," என்றார் சிங்கராயர்.

இன்னொரு அடி.

"மேற்குச் சுவர்ல."

"நண்டுகூடப் பக்கவாட்டுலதான்யா போகும்," என்றது ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இன்னொரு அடி.

"எட்டு முழ நீளம். என் கையே உள்ள போகுது."

சிரிப்பு நின்றது. அவர் கோட்டையப்பரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கீழே ஒன்பது ஊர்."

குதிகால் எதிலோ இடித்தது. அவர் நின்றார். திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், வடிவம்மாளின் குரல் கேட்டது.

"படிய்யா. ரெண்டு இருக்கு."