ஏல எசக்கி, பாத்து!

அன்னைக்குச் சாலை வாரியத்தோட பயிற்சிக் கூடத்துக்கு வந்தவங்கள்லயே ரொம்பக் கோவமா வந்து உக்காந்தவரு மாசானம். ரோட்டு வேல பாக்குற ஆளுங்களுக்கு மேஸ்திரி. பாதுகாப்புப் பாடம் நடத்துற ஜெனிட்டா டீச்சரு அவரோட மூத்த மகளவிடச் சின்னவ. அதுவே அவருக்குப் பாதி எரிச்சல்.

மீதி எரிச்சல் எசக்கி மேல.

போன வாரம் பைபாஸ்ல குழி அடைக்கிற வேல. எசக்கி குனிஞ்சு தார் ஊத்திக்கிட்டு இருந்தான். ஜல்லி லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. "ஏல எசக்கி, பாத்து!"ன்னு மாசானம் தொண்ட கிழியக் கத்துனாரு. எசக்கி நிமிந்தான். திரும்புனான். அப்படியே நின்னான். லாரி அவன் கால்ல ஏறிருச்சு. அவனத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனதும் மாசானந்தான். ரத்தம் பட்ட அந்தச் சட்டைய இன்னும் துவைக்கப் போடல.

நாளைக்கு விசாரண. எசக்கி தினக்கூலி ஆளு. மேஸ்திரி சொல்லக் கேக்காதவன்னு முடிவாயிட்டா அவனுக்கு வேல போயிரும். மாசானம் அதத்தான் சொல்றதா இருந்தாரு. நடந்ததும் அதானே?

ஜெனிட்டா பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரு எந்திரிச்சாரு.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"கத்துன பொறவும் மரம் மாதிரி நிக்கிறவனுக்கு நீங்க என்னத்தப் பாடம் நடத்துவிய? ஜாக்கெட்டு குடுத்தாச்சு. தொப்பி குடுத்தாச்சு. காதையும் கழத்தியா குடுக்க முடியும்?"

வகுப்பே சிரிச்சுது. ஜெனிட்டாவும் சிரிச்சா.

"கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு? முட்டி போட வைக்கப் போறியளா?"

"ஆமா."

வெளிய வண்டி ஏறி இறங்குற சரிவு. அதுக்குக் கீழ அவர முட்டி போட வச்சு, சுண்ணாம்பு டப்பாவையும் பிரஷையும் கையில குடுத்தா.

"ஒரு கோடு போடுங்க. வளையக் கூடாது."

"நீங்க பொறக்கதுக்கு முன்னாலயே கோடு போட்டவன் நான்."

முணுமுணுத்துக்கிட்டே இழுத்தாரு. கோடு நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அப்போ பின்னாலேருந்து ஒரு சத்தம்.

"அண்ணாச்சி, பாத்து!"

மாசானம் தலையத் தூக்குனாரு. திரும்புனாரு. சரிவுல ஒரு பழைய ஸ்கூட்டர் டயர் உருண்டு வந்துச்சு. வந்து இடுப்புல இடிச்சு, சுண்ணாம்பு டப்பாவையும் கவுத்திட்டுப் போச்சு.

"என்னம்மா வெளையாட்டு இது?"

"கத்துனேன்லா அண்ணாச்சி. ஏன் நகரல?"

"என்ன வருதுன்னு பாக்காண்டாமா? பாத்துன்னு சொன்னா பாக்கத்தான..."

பாதியில வாய் நின்னு போச்சு. ஆனா லேசுல விடுற ஆளா அவரு?

"அப்போ வேற என்னத்தக் கத்தச் சொல்லுதிய? எங்கய்யா காலத்துலேருந்து எல்லாரும் இதத்தான் கத்துதோம்."

ஜெனிட்டா டயரத் தூக்கிக்கிட்டு மறுபடியும் மேல ஏறுனா.

"டயர் வந்தா நீங்க சுவத்துப் பக்கம் போகணும். சுவரு எங்க இருக்கு?"

கையக் காட்டுனாரு.

"போற வழியில கால் தடுக்க ஏதாவது கெடக்கா?"

கவுந்து கெடந்த டப்பாவ எடுத்துத் தள்ளி வச்சாரு. முட்டி போட்டாரு. பிரஷக் கையில எடுத்தாரு.

"சுவரு!"

யோசிச்சதாவே அவருக்கு ஞாபகம் இல்ல. சுவத்த ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தாரு. டயர் கோட்டத் தாண்டிப் போயி ஓடையில விழுந்துச்சு.

யாரோ கை தட்டுனாங்க. மாசானம் சுவத்துல வச்ச கைய எடுக்கல.

"அன்னைக்கு பைபாஸ்ல எசக்கிக்கு எடது கைப் பக்கம் வெறும் மண்ணு டீச்சர்," அப்படின்னாரு. "ஒரு தாவு தாவுனா போதும். வேல தொடங்கயில நான் அத அவன்ட்டச் சொல்லவே இல்ல."

"இனிமே சொல்லுவீங்க."

"இனிமே கெடக்கட்டும். நாளைக்குக் கேப்பாவ. எசக்கி ஒன் சொல்லக் கேட்டானா, கேக்கலையான்னு." அவரு குரல்ல இப்போ சண்ட இல்ல. "நான் என்ன சொல்லட்டும்?"

அவரு முட்டியில சுண்ணாம்பு அப்பிக் கெடந்துச்சு. தொடைக்கிறதுக்கு ஜெனிட்டா ஒரு துணிய நீட்டுனா.

"பாக்கச் சொன்னீங்க அண்ணாச்சி. அவரு பாத்தாரு."