பேசாத பத்துப் பெண்கள்

முன்னொரு காலத்தில், சேலை எடுக்கப் போவதே ஒரு திருநாளாக இருந்தபோது, ஒரு ராஜா இருந்தார். சிறுவயதில் தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனது அவருக்கு ஒருநாள் ஞாபகம் வந்துவிட்டது. கோரைப்பாய், புதுத்துணியின் கஞ்சி வாசனை, சேலையை விரித்துப் போட்டுச் சிரித்த பெண். அதேபோல ஒரு கடை ராஜவீதியில் வேண்டும் என்றார்.

பொறுப்பேற்ற அமைச்சர் நல்லமுத்தர் கடை வாசலில் ஓலை ஒன்றைத் தொங்கவிட்டார். விற்கும் பெண்கள் சந்தன நிறமாக இருக்க வேண்டும், இடை பிடிக்குள் அடங்க வேண்டும், வயது இருபதைத் தாண்டக் கூடாது, சிரிப்பு மாறக் கூடாது, பொழுதுக்கும் உட்காரக் கூடாது.

நாற்பது வருஷம் துணி விற்ற பேச்சியம்மாள் பிழைப்புத் தேடி வந்தாள். கறுத்த, பருத்த உடம்பு. "கண்ணாடி பார்த்துட்டு வந்தியா, ஆத்தா?" என்று காவலன் விரட்டிவிட்டான்.

அவள் விகடகவி குழைக்காதனிடம் போய்ச் சொன்னாள். அவன் அவையில் அதை எடுத்துச் சொன்னான். அவனைக் கண்டாலே ஆகாத நல்லமுத்தருக்கு நல்ல வாய்ப்பு. ஓலையில் கண்டபடி பத்துப் பெண்களை மூன்று நாளில் இவனே கொண்டுவரட்டும், முடியாவிட்டால் அவையை விட்டுப் போகட்டும் என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

நான்காம் நாள் ராஜா கடைக்கு வந்தார். பட்டுடுத்திப் பத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"பெண்ணே, என் தாயார் கட்டிய மஞ்சள் சேலை போல ஒன்று எடு."

அவள் சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். நல்லமுத்தர் ஒருத்தியின் தோளைத் தொட்டு அதட்டினார்; விரலில் சாயம் ஒட்டியது. அத்தனையும் குயவர் செய்த களிமண் பதுமைகள்.

"என்ன விளையாட்டு இது, குழைக்காதா?"

"ஓலைப்படிதான், அரசே. நிறம் சரி, இடை சரி, வயது மூன்று நாள். சிரிப்பு மாறாது, உட்காரவே தெரியாது. துணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓலையில் இல்லையே."

அப்போது வாசலுக்கு வெளியிலிருந்து பேச்சியம்மாள் சொன்னாள்: "அது மஞ்சள் இல்ல மகராசா. தாழம்பூ நெறம், அரக்குக் கரை. நீங்க கரையைக் கடிச்சு எச்சி பண்ணிட்டீங்க. வேற தாரேன்னேன். 'எம்புள்ள எச்சி பட்டதே இருக்கட்டும்'னுட்டாங்க உங்கம்மா."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓலையைக் கிழித்தார். கடை பேச்சியம்மாள் பொறுப்பு, இனி யாரை வேலைக்கு வைப்பது என்பதும் அவள் விருப்பம். பதுமைகள் நல்லமுத்தர் வீட்டுக்குப் போயின.

"உனக்கு என்ன வேண்டும், குழைக்காதா?"

"விற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு முக்காலி, அரசே. பதுமைக்குத்தான் கால் வலிக்காது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். முதல் முக்காலியைத் தாமே இழுத்துப் போட்டார். பேச்சியம்மாள் உட்கார்ந்து, தாழம்பூ நிறத்தில் ஒன்றை விரித்தாள்.