இரண்டு குகை கேட்ட நரி

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய மலைச்சரிவில் பல குகைகள் இருந்தன. மழைக்காலம் நெருங்கியது. வெள்ளம் வந்தால் விலங்குகளைத் தூக்கிப் போய் மலையுச்சியில் சேர்ப்பதாக யானை ஒப்புக்கொண்டது. யார் எந்தக் குகையில் இருக்கிறார்கள் என்று சொல்லும் பொறுப்பை மைனா ஏற்றது.

மைனாவுக்குத் தன் நினைவாற்றல்மேல் அபார நம்பிக்கை.

"வெள்ளத்துக்கு அஞ்சும் விலங்குகள் எல்லாம் என் மதிப்பகம், அதாவது நீங்கள் கேட்கக்கூடிய பெயர்கள். அவை தங்கும் குகைகள் என் வீச்சகம், அதாவது நான் சொல்லும் விடைகள். மீனும் ஆமையும் இந்தக் கணக்கில் சேராது. யாரும் தங்காத குகையும் சேராது. பெயரைச் சொல்லுங்கள், குகையைச் சொல்கிறேன்!" என்றது.

"முயல்?" என்று கேட்டது யானை.

"கரும்பாறைக் குகை."

"முள்ளம்பன்றி?"

"அதுவும் கரும்பாறைக் குகைதான், யானை அண்ணா."

நரி குறுக்கே பாய்ந்தது. "இதென்ன நியாயம்? இரண்டு பேருக்கு ஒரு குகை இருக்கலாம் என்றால், எனக்கு ஏன் இரண்டு குகை இருக்கக் கூடாது? தூங்க மேட்டுக் குகை, நண்டு பிடிக்க ஓடைக் குகை!"

"முயலைக் கேட்டாலும் முள்ளம்பன்றியைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. உன்னைக் கேட்டால் இரண்டு பதில் வருமே! யானை அண்ணா எங்கே போவார்?"

"இரண்டு இடம் என்றால் இரண்டு மடங்கு பாதுகாப்பு. இதுகூடவா உனக்குப் புரியவில்லை?" என்று சிரித்த நரி, இரண்டு குகைகளிலும் சருகு பரப்பிப் படுக்கை போட்டுக்கொண்டது. அதனோடு மல்லுக்கட்ட மைனாவால் முடியவில்லை.

ஒரு பிற்பகல், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஏறியது.

யானை மைனாவை முதுகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பெயரைச் சொன்னதும் மைனா குகையைச் சொன்னது. ஆளில்லாத குகைகளை யானை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முயல், முள்ளம்பன்றி, மான்குட்டி, கீரி எல்லாம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

"இனி நரிதான். எங்கே?"

முதன்முறையாக மைனா திணறியது. "மேட்டுக் குகை... இல்லை, ஓடைக் குகை... இரண்டில் ஒன்று, அண்ணா."

யானை மேட்டுக் குகைக்கு விரைந்தது. அங்கே வெறும் சருகுப் படுக்கைதான் கிடந்தது.

ஓடைக் குகையின் வாசலை வெள்ளம் அடைத்திருந்தது. உள்ளே நரியின் கழுத்துவரை தண்ணீர். அது போட்ட ஊளை வெள்ள இரைச்சலில் அமுங்கிப் போனது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்த வேளையில், துதிக்கை ஒன்று உள்ளே நீண்டு அதன் பிடரியைப் பற்றி இழுத்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று உச்சியில் நடுங்கியபடி கேட்டது நரி.

"உனக்கு இரண்டு இடம். நான் முதலில் போனது மற்றதற்கு," என்றது யானை.

நரி மைனாவைப் பார்த்தது. "இனி எனக்கு ஒரு குகை போதும்."

"எந்தக் குகை?"

"முள்ளம்பன்றியோடு படுக்கச் சொன்னாலும் சரி. ஒன்றை மட்டும் சொல்!"

நீதி: பலருக்கு ஒரே விடை இருக்கலாம், ஆனால் ஒருவருக்கே இரண்டு விடை இருந்தால் அது கணிதம் சொல்லும் சார்பும் ஆகாது, ஆபத்தில் துணையும் ஆகாது.